காருக்குள் ஒரு கொண்டை ஊசி

மாமாவின் ரிமோட் கார் ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்க வேண்டும் என்று முடிவு செய்தவள் நான்தான். அப்போது ஏழாம் வகுப்பு. அப்பாவின் ஸ்கூட்டருக்கு உண்டென்றால் இதற்கு மட்டும் ஏன் கூடாது?

மாமா சிறுவனாக இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து வந்த கார் அது. அம்மாவும் மாமாவும் வளர்ந்த ஆழ்வார்திருநகரி வீட்டைக் காலி செய்தபோது எங்கள் பாளையங்கோட்டை அலமாரிக்குக் குடிபெயர்ந்தது. வரும்போதெல்லாம் மாமா அதன் வரலாற்றைச் சொல்வார். ஒருமுறை ஓடாமல் நின்றுபோனதாம்; இவரே திறந்து சரிசெய்தாராம். "ஒங்கம்மையத் தொடக்கூட விட்டதில்ல, பாத்துக்கோ. பின்னாலயே ஓடி வருவா, அவ்வளவுதான்." அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள்.

இப்போதோ மோட்டார் முனகியதே தவிர, சக்கரம் அசையவில்லை. மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை அண்ணாச்சி அதைக் காதருகே வைத்துக் கேட்டார். "உள்ள கார்பன் தேஞ்சு போச்சு தாயி. வேற மோட்டார்தான் போடணும்." உடைந்த பொம்மையொன்றிலிருந்து அவரே ஒன்றைக் கழற்றித் தந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் காரைத் திறந்தேன். பழைய மோட்டாருக்கு அடியில் துருப்பிடித்த கொண்டை ஊசி ஒன்று வளைத்துச் செருகப்பட்டிருந்தது. குப்பை என்று வீசினேன். பல்சக்கரத்தை நெம்பி எடுத்துப் புது மோட்டாரில் மாட்டி, ஒயர்களைப் பற்றவைத்து மூடினேன். ரிமோட்டை அழுத்தினால் விர்ரென்று சத்தம். தரையில் விட்டுப் பார்க்கவில்லை. முதல் ஓட்டம் பூஜையில்தான் என்று ஒரு பிடிவாதம்.

மறுநாள் மாமாவும் வந்திருந்தார். காருக்குச் சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் அதன் எடைக்குத் தக்க ஒரு மெல்லிய எலுமிச்சைத் துண்டு. அழுத்தினேன். விர்ர். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"பேட்டரி செத்திருக்கும்ட்டி" என்றார் மாமா.

நான் காரைத் தூக்கிப் பார்த்தேன். "உள்ள ஒரு கொண்டை ஊசி இருந்துச்சு மாமா, தூரப் போட்டுட்டேன். நீங்க வச்சதா?"

"கொண்டை ஊசியா?" மாமா மின்விசிறியைப் பார்த்தார். "ஆங்... வச்சிருப்பேன்."

அம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "அந்தத் திருப்புளிய எடு." காரைக் கவிழ்த்துத் திறந்தாள். "மோட்டார் ஆடுதுல்லா? அதான் பல்லோட பல்லு சேரல." பின்னாளில் பொறியியல் கல்லூரியில் இதையே ஒரு செமஸ்டர் முழுக்கப் படம் போட்டு விளக்கினார்கள். அம்மா கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, பல்லால் கடித்து வளைத்து, மோட்டாரடியில் செருகினாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை, விரலுக்கு இடம் தெரிந்திருந்தது.

மறுபடி அழுத்தினேன். கார் துண்டின் மேல் ஏறி, சாறு தெறிக்க அந்தப் பக்கம் இறங்கி, நேரே போய் மாமாவின் காலில் முட்டியது.

"பாத்தியாட்டி! அன்னைக்கு நான் செஞ்ச மாதிரியே செய்யுதா ஒங்கம்மை!" என்றார் மாமா.

அவிழ்ந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அம்மா பொரி எடுக்க உள்ளே போனாள். நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன், மாமாவைப் பார்த்து.