ஆயா போடாத கையெழுத்து

எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்ற பாட்டி, இறந்தபோது ஊரெல்லாம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். "அன்பே உருவான அன்னை, எங்கள் குடும்ப விளக்கு" என்று அதில் இருந்தது. வாழ்நாள் முழுக்க மதகும் பாலமும் கட்டிய ஒரு பொறியாளரை விளக்காக்கிச் சுவரில் ஒட்டினோம். எங்கள் பக்கத்தில் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் பேருக்குப் பின்னால்கூட ஏதாவது நாலெழுத்து போட்டுத்தான் போஸ்டர் அடிப்பார்கள். ஆயாவுக்குப் போடவில்லை. ஏன் என்று எழுதாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

மரக்காணத்தில் உப்பு வாரிப் பிழைத்த வீட்டில் பிறந்தவர் ஆயா. அங்கிருந்து சென்னைக்குப் போய்ப் பொறியியல் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால், "எங்கப்பாவுக்குப் பிடிவாதம், எனக்கு அதைவிடப் பிடிவாதம்" என்று முடித்துவிடுவார். அரசு வேலையில் சேர்ந்த முதல் நாள், யாரோ ஆபீசர் சம்சாரம் என்று நினைத்து சைட்டில் அவரை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். அந்த நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய், அதன் மேல் ஏறி நின்று மதகின் கம்பிகளை எண்ணினாராம். இதை அவர் எத்தனை தடவை சொன்னாலும் நான் சிரிப்பேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எந்த சைட்டுக்குப் போனாலும் கலவைக்கு வைத்திருக்கும் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். லேபுக்கு அனுப்புவதெல்லாம் அப்புறம்தான். உப்பளத்தில் வளர்ந்த நாக்கு அது, ஏமாற்ற முடியாது.

சுனாமி வந்த மறு வருடம், கடலோரக் குப்பத்தில் வீடிழந்தவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. அதில் ஒரு வரிசையைக் கட்டும் வேலையை எடுத்தவர் என் சித்தப்பா, ஆயாவின் சின்ன மகன். ஆயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ரிட்டயர் ஆகிப் பல வருடம் கழித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சைட்டைப் பார்க்கக் கிளம்பினார். போனதும் வழக்கம்போல் டிரம்மில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"ஏம்பா மேஸ்திரி, இந்தத் தண்ணி எங்கருந்து வருது?"

"பிரம்மதேசத்துலருந்து நல்ல தண்ணி கொண்டு வர்ற டேங்கர் ஒழுங்கா வர்றது இல்லீங்கம்மா. அதான் அளத்து வாய்க்கால்ல மோட்டார் போட்டுட்டோம். நம்ம உப்புக் கிடங்கெல்லாம் இந்தத் தண்ணியில கட்டுனதுதானே? எங்க தாத்தா கட்டுனது இன்னும் கல்லாட்டம் நிக்குது."

"அந்தக் கிடங்குல கம்பி இருக்குதா? வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும். இதுல கம்பி இருக்குது. உப்பு உள்ள போயி, கம்பி துருப்பிடிச்சு ஊதி, கான்கிரீட்டை உடைச்சுடும். எத்தனை வீட்டுக்கு மேல்தளம் போட்டாச்சு?"

"எல்லாத்துக்கும் போட்டாச்சுங்க."

மேஸ்திரியை நான் திட்டமாட்டேன். தலைமுறை தலைமுறையாக உப்புத் தண்ணீரில் கட்டி, அது நிற்பதையும் பார்த்தவர் அவர். உப்பளத்து ஆளுக்குத்தான் அப்படி ஒரு தைரியம் வரும். ஆனால் சித்தப்பா இன்ஜினியர் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவர். அவருக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

வீடுகள் முடிந்ததும், தரமாகக் கட்டியிருக்கிறது என்று ஒரு பொறியாளரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். சித்தப்பா பேப்பரோடு ஆயாவிடம்தான் வந்தார்.

"ஒரு கையெழுத்துதானம்மா."

"தளத்தை இடிச்சிட்டு நல்ல தண்ணியில திரும்பப் போடு. போடறேன்."

"பெத்த புள்ளைய நடுத்தெருவுல நிக்க வைக்கப் பார்க்கறியே!"

"நடுத்தெருவுல நிக்கிறவங்களுக்குத்தாண்டா அந்த வீடு."

அதோடு அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஆயா அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார், பதிலே இல்லை. வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்துத் திறப்பு விழா நடந்தது.

அதைக்கூட ஆயா தாங்கிக்கொண்டார். ஆயா ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று ஊரில் யாராவது கேட்டால் என் அப்பா, "வயசாயிடுச்சு, அவங்களுக்குப் புத்தி தடுமாறுது" என்று சொல்ல ஆரம்பித்தார். அதுதான் ஆயாவைச் சாப்பிட விடாமல் செய்தது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் சிவில்தான படிக்கிற? நான் சொன்னது தப்புன்னா தப்புன்னு சொல்லு, கேட்டுக்கறேன். சரின்னா உங்கப்பாகிட்ட போயி ஒரு வார்த்தை சொல்லு. பைத்தியம்னு பேர் வாங்கிட்டு நான் போகக் கூடாது."

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அந்த செமஸ்டர் பாடத்திலேயே இருந்தது. வீடே ஒரு பக்கம் நிற்க, நான் மட்டும் எதிர்ப்பக்கம் போய் நிற்கப் பயம். "எக்ஸாம் முடியட்டும் ஆயா" என்றேன். எக்ஸாம் முடிந்தது. நான் சொல்லவில்லை. ஆயாவும் மறுபடி கேட்கவில்லை. 2006 ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

போஸ்டர் அடிக்கிற கடையில், "பேருக்குக் கீழே ஓய்வுபெற்ற பொறியாளர்னு போடலாமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அப்புறம் கெழவி சொன்னதெல்லாம் நெசம்தான்னு ஊர் பேசவா?" என்றார்.

குடும்ப விளக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருடம் மழை விட்ட பிறகு குப்பத்துப் பக்கம் போக வேண்டியிருந்தது. வரிசையின் முதல் வீட்டுச் சுவரில் போஸ்டர் பாதி கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து உள்ளே அழைத்துப் போனார். தலைக்கு மேல் தளத்தில் கம்பி ஓடும் இடமெல்லாம் பழுப்பாகக் கோடு. ஓர் இடத்தில் பூச்சு ஊதி, ஓரம் பெயர்ந்திருந்தது.

"நீ இன்ஜினியருக்குப் படிக்கிறியாமே? இது என்னாம்மா, பயமா இருக்குது. உங்க சித்தப்பாவைக் கேட்டா மழை ஈரம்ங்கறாரு."

ஆயா எனக்காகவே அனுப்பி வைத்த ஆள் மாதிரி அவர் என் எதிரில் நின்றார். இப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சித்தப்பாவின் முகமும் அப்பாவின் முகமும் கண்முன் வந்தன.

"ஈரம்தான்க்கா. காஞ்சதும் பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்."

"அப்பாடா! இன்ஜினியர் வீட்டுப் பொண்ணு வாயால கேட்டாத்தான் நிம்மதி" என்றார் அந்த அக்கா. ஊதியிருந்த அந்த இடத்துக்கு நேர் கீழே, பாயில் அவர் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.