சுந்தரேசனுக்குக் கைதட்ட வேண்டாம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர் யாரோ, அவர் அறுபத்தாறு வயதில் சோறள்ளப் பழகும் மனுஷனைப் பார்த்ததில்லை போலும்.

உமாமகேஸ்வரி பாலர்பள்ளி ஆசிரியை. பிள்ளை எப்போது தவழும், எப்போது பேசும், எப்போது ‘நானே, நானே’ என்று ஸ்பூனைப் பிடுங்கும் என்பதெல்லாம் டீச்சருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பக்கவாதத்தில் கணவர் சுந்தரேசனின் வலக்கையும் பேச்சும் விழுந்தபோதுகூட, “எத்தன பிள்ளைங்கள தேத்தியிருக்கேன், இவர தேத்த மாட்டேனா?” என்றுதான் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. கழுத்தில் துண்டு கட்டி ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் கைதட்டினார். சுந்தரேசனோடு பஸ் ஓட்டிய ஜலாலுதீன் ஒருநாள் பார்க்க வந்தார். அவர் எதிரிலேயே, “வெரி குட்! சமத்து!” என்று படபடவெனத் தட்டிவிட்டார் டீச்சர்.

சுந்தரேசன் வாயை இறுக மூடிக்கொண்டார். ஜலாலுதீன் போன பிறகும் திறக்கவில்லை. மறுநாள் காப்பி மட்டும் இறங்கியது. அடம் என்றுதான் உமா முதலில் நினைத்தார். துண்டை அவிழ்க்கப் போனபோதுதான் அவர் கண் நிறைந்திருப்பதைக் கண்டார். அடிப்பாவி, வளர்ந்த மனுஷனைச் சிநேகிதன் முன்னால் கைக்குழந்தையாக்கிவிட்டேனே!

“ஏங்க, தேக்காவுல இலைச் சாப்பாடு சாப்பிடலாம், வர்றீங்களா?”

சுந்தரேசன் தலையசைத்தார்.

தேக்காவில், லிட்டில் இந்தியா உணவகம் ஒன்றில், இலை விழுந்தது. பரிமாறியவர் இடக்கைப் பக்கம் ஸ்பூனை வைக்க, சுந்தரேசன் அதைத் தள்ளிவிட்டார். இலையில் இடக்கையா? செத்தாலும் மாட்டார். அரைகுறையாய் அசைவு திரும்பியிருந்த வலக்கையைச் சோற்றில் வைத்தார். பாதி சட்டையில் சிந்தியது. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

“ஆன்ட்டி, அங்கிளுக்கு நீங்க ஊட்டிடுங்களேன்,” என்றார் பரிமாறியவர்.

“அவரே சாப்பிடுவாரு. நீங்க ரசம் கொண்டாங்க.”

சொல்லிவிட்டாரே தவிர, உமாவின் கை ஊட்டத் துடித்தது. மேசைக்கடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். கடைசியில் ஒரு கவளம் வாய்க்குப் போயிற்று. பிறகு இன்னொன்று. பாராட்ட வந்த வார்த்தையை டீச்சர் விழுங்கிவிட்டார்.

சுந்தரேசன் மென்றுகொண்டே உமாவின் இலையைப் பார்த்தார். சோறு வைத்தபடியே கிடந்தது. முகம் சுருங்கிற்று, வார்த்தையைத் தேடித் தேடிப் பிடித்தார்.

“நீ… சாப்… சாப்பிடு லா. ஆறுது.”

அதட்டல்தான். நோய் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் உமாவைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“சரிங்க,” என்று தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். கண்ணீர் இலையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.