பின்னல் இல்லாத பொம்மை

நான் செய்கிற பொம்மைகளுக்கு முன்பக்கம் மட்டும்தான் அழகு. கொலுப் படியில் வைக்கிற பொம்மையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அதனால் முகம், நகை, புடவைக் கரை எல்லாவற்றையும் முன்னால் எழுதிவிட்டு, பின்னால் ஒரே வண்ணத்தை ஒரு பூச்சு பூசி விட்டுவிடுவோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு காகிதக் கூழில் கை வைத்த நாளிலிருந்து, இது சரியா என்று நான் யோசித்ததே இல்லை.

நவராத்திரி முடிந்ததும் வீட்டில் உதிரிப் பொம்மைகள் மிஞ்சும். கடைக்காரர்கள் செட்டாகத்தான் கேட்பார்கள். கல்யாண செட்டில் மணப்பெண்ணின் கை உடைந்துவிட்டால், மாப்பிள்ளை, ஐயர், நாதசுரக்காரர், விருந்தாளிகள் எல்லோரும் வேலையில்லாமல் அட்டைப்பெட்டியில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் தாய் தகப்பன் இல்லாத பெண் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. அங்கே கொடுத்துவிடலாம் என்றாள் என் மனைவி.

நான் புது ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவன். கடைக்காரர்களிடம்கூட அவள்தான் பேசுவாள். பெட்டியை இல்லத்தின் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தேன். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"இன்னாங்க, வெச்சிட்டு ஓடறீங்க? எடுத்துக்கினு போறவங்கதான் இப்டி ஓடுவாங்க. உள்ள வாங்க."

உள்ளே போனேன். பெட்டியைச் சுற்றி இருபது தலைகள் கூடிவிட்டன.

"மாப்பிள்ளை இருக்காரு. பொண்ணு எங்க அங்கிள்?"

"கை ஒடஞ்சிடுச்சி."

"அதுக்கா கல்யாணம் நின்னுபோச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் தரையைப் பார்த்துச் சிரித்தேன்.

ஏழு வயது இருக்கும், ஒரு சின்னப் பெண். தாம்பாளம் ஏந்தி நிற்கிற பச்சைப் புடவை விருந்தாளி அம்மாவை எடுத்துக்கொண்டாள். கைக்குழந்தையைப்போல் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"அங்கிள், இவங்களுக்குப் பின்னல் இல்ல."

"பின்னாடி யாருமா பாக்கப் போறாங்க?"

"நான் தூக்கி வெச்சிக்கினு இருக்கேன்ல. எனக்கு அதானே தெரியுது."

இத்தனை வருடத்தில் என் பொம்மை ஒன்றை யாரும் தோளில் சாய்த்து நான் பார்த்ததில்லை. "எடுத்துக்கினு போய்ப் பின்னல் வெச்சித் தரேன். அடுத்த ஞாயித்துக்கெழமை கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

பெரிய பெண் ஒருத்தி சின்னவளின் தோளைப் பிடித்தாள். "குடுக்காதடி. போனா வராது." பிறகு என்னைப் பார்த்து, குறை சொல்கிற குரலில் இல்லாமல், சேதி சொல்வதுபோல் சொன்னாள். "கேரம்போர்டு கால ஒட்டித் தரேன்னு ஒரு அங்கிள் எடுத்துக்கினு போனாரு. அப்ப நான் மூணாவது. இப்ப ஏழாவது."

சின்னவள் பொம்மையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பொம்மையைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"பூவும் வெச்சிக்கினு வாங்க."

கறுப்பு வண்ணத்தில் ஒரு பின்னலை எழுத எனக்குக் கால்மணி நேரம் போதும். அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தை முதுகைத் தட்டும்போது விரலுக்குப் பின்னல் தட்டுப்பட வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிட்டது. அன்றைக்கே, நடந்ததை மனைவியிடம் சொல்லிக்கொண்டே காகிதக் கூழைப் பிசைந்து, மூன்று புரியாகத் திரித்து, நிஜமாகவே பின்னி, பொம்மையின் பிடரியிலிருந்து இடுப்புவரை ஒட்டினேன். கூழ் காய மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். அது ஐப்பசி மாதம். ஐப்பசியில் எங்கள் தெருவில் யாரும் புதுக் கூழில் கை வைக்கமாட்டார்கள். முப்பது வருடம் தொழில் செய்தவனுக்கு அது மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை மழை பிடித்தது. வாரம் முழுக்க விடவில்லை. அடுப்பருகே வைத்தால் கூழ் வெடித்துவிடும். என் மனைவி அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பைப் போட்டு, கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுவதுபோல் பொம்மையை அதில் வைத்தாள். ஞாயிறு காலையில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம் பதிந்தது. ஈரத்தின்மேல் வண்ணம் பூசினால் தோல் தோலாக உரிந்துவிடும்.

"இன்னிக்கு வேணாம்" என்றேன். "முடியாத பொம்மைய எப்டி வெளிய எடுத்துக்கினு போறது? அடுத்த வாரம் பாக்கலாம்."

முடிக்காத பொம்மை வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அது அவளுக்கும் தெரியும். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"கேரம்போர்டு எடுத்துக்கினு போனவரு ஊர்லயும் மழைதான் போல."

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். அவள் இட்லிப் பானைக்குள் துணியை விரித்து, பொம்மையைச் சாய்த்து, மூடி போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

போகும்போது தொப்பலாக நனைந்துவிட்டேன். இல்லத்துத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் தலைமுடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கேட்டுக்கு நேராக, தூணில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூடியைத் திறந்தேன்.

அவள் பொம்மையைத் திருப்பினாள். ஒரு விரலால் பின்னலை மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

"ஈரமா இருக்குது."

கூழ், வெயில், மழை என்று நான் வழியெல்லாம் தயார் செய்துவந்த பேச்சை ஆரம்பிக்கப் போனேன். பெரிய பெண் குனிந்து பார்த்தாள்.

"தலைக்குக் குளிச்சிருக்காங்கடி. இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாச்சே."

அப்போதுதான் கவனித்தேன், அங்கே எல்லோருடைய தலையும் ஈரமாகத்தான் இருந்தது. சின்னவள் இதிலென்ன அதிசயம் என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"ஈரத்தோட ஏன் பின்னிவுட்டீங்க? தலைவலி வராது?"

"தப்புதாம்மா."

"சரி, காயட்டும்." கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பொம்மையின் தலையைச் சுற்றிக் கட்டினாள். பொம்மையைத் திரும்ப எடுத்துப்போக நான் பானையை நீட்டினேன். அவள் பொம்மையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "இவங்க இங்கியே காயட்டும். கறுப்பு அடிக்க நீங்க வாங்க."

இரண்டு வாரம் கழித்து வெயில் வந்தது. வண்ணக் கிண்ணங்களோடு போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். பின்னலுக்குக் கறுப்பு, அதன்மேல் மல்லிகைக்கு வெள்ளைப் புள்ளி. முடிப்பதற்குள் மற்றப் பொம்மைகளும் வரிசைக்கு வந்துவிட்டன. நாதசுரக்காரர் முதுகில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "வேர்வை" என்றாள் ஒருத்தி. எழுதினேன். முகம் எழுதும்போது பொம்மை என்னையே பார்க்கும். முதுகு பார்க்காது. அதனாலோ என்னவோ, அன்றைக்கு நான் நிறையப் பேசினேன்.

இப்போது அங்கே ஜன்னல் மேடையில் எல்லாப் பொம்மைகளும் நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கின்றன. "நேரா வெச்சா திரும்பவும் திருப்பி வெக்குதுங்க" என்று அந்த அம்மா அலுத்துக்கொள்வார்.

போன மாதம் போயிருந்தபோது சின்னவள் விருந்தாளி அம்மாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், இவங்களுக்குக் கால் எங்க?"

புடவைக்குக் கீழே வெறும் காகிதம்தான். இத்தனை நாளாக அங்கேயும் நான் பார்த்ததில்லை.

"எடுத்துக்கினு போய்தான் செய்யணும். அடுத்த ஞாயித்துக்கெழமை ஆவும்" என்றேன்.

சின்னவள் யோசித்தாள். பெரிய பெண் அவள் கையிலிருந்து பொம்மையை வாங்கி, துணியில் சுற்றி, என் பையில் தானே வைத்தாள்.

"கொலுசும் போட்டுடுங்க அங்கிள்" என்றாள்.