பெருமூளை என்று போட்டிருந்த இடம்

அறுபதுகளின் கடைசியில், எனக்கு இருபத்தாறு வயதானபோது என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் தறியில் உட்காரப் போனவர் அப்படியே வலப்பக்கமாகச் சரிந்தார். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்துவிட்டு வீடு திரும்பினோம். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'ஆமா'. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஒரு வாரத்தில் நின்றுபோனார்கள். கருட சேவைக்கு ஊரே தெருவில் நின்றபோதும் நாங்கள் இருவரும் உள்ளேதான்.

அவருக்குள் என்னதான் கெட்டுப்போயிற்று என்று தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விஞ்ஞானப் புத்தகம் கேட்டேன். அதில் தலையை நெடுக வெட்டிக் காட்டிய படம் இருந்தது.

"இது பெருமூளை அக்கா. யோசிக்கறது, ஞாபகம், பேச்சு எல்லாம் இதுலதான் இருக்குது. பின்னாடி சிறுமூளை, தடுமாறாம நடக்கறதுக்கு. கீழ முகுளம். மூச்சு வுடறது, நெஞ்சு அடிச்சுக்கறது அதால."

அவர் சேலைக்குப் புட்டாப் பூ வரைய வைத்திருந்த கட்டம் போட்ட காகிதத்தில் அந்தப் படத்தைப் போட்டு, பெயர்களை எழுதி, மனப்பாடம் செய்தேன். பிறகு நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பேச்சு போனதென்றால் பெருமூளையே போய்விட்டது. யோசனையும் ஞாபகமும் அதோடு போயின. முகுளம் இருப்பதால் மூச்சு ஓடுகிறது, அவ்வளவுதான். பாயில் படுத்திருப்பவர் அவர் இல்லை.

அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டேன். சோறு ஊட்டினேன், துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்க வைத்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டம்மா விசாரித்தபோது, அவர் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு சொன்னேன்: "உசுரு மட்டும் இருந்து இன்னா பண்றது? சாமி சீக்கிரம் எடுத்துக்கினா தேவலம்மா."

இரண்டு மாதம் கழித்து ரிக்‌ஷா வைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புதிதாக வந்திருந்த டாக்டர் அவரிடம் குனிந்து, "கண்ணை மூடுங்க" என்றார். மூடினார்.

"ஜன்னல் எங்க இருக்கு?"

இடது கை மெல்ல எழுந்து ஜன்னலைக் காட்டியது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பேச்சை வெளிய கொண்டுவர்ற இடம் இடது பக்கம் முன்னால இருக்கும்மா. அடிபட்டது அதுதான். கேட்டுப் புரிஞ்சிக்கிற இடம் வேற. அது இவருக்கு நல்லாவே இருக்கு."

"அப்ப, நான் பேசினதெல்லாம்?"

"கேட்டுட்டுத்தான் இருந்திருப்பார்."

வழியெல்லாம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டில் படுக்க வைத்ததும் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாம சொல்லிட்டேங்க. மனசுல வச்சிக்கினு இருக்கீங்களா?"

"ஆமா" என்றார்.

அவருக்கு வேறு சொல் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது சுட்டது.

அதன்பிறகு நாள் முழுக்கப் பேசினேன். தெருவில் யார் பாவு நூலை நீட்டிப் போட்டார்கள், மழை வந்து எப்படி அவசரமாகச் சுருட்டினார்கள், குழம்பில் உப்பு கூடிவிட்டது, இப்படி எதையாவது. சில நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, வராமல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அப்போது நான் எழுந்துபோய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

ஒன்றரை வருஷம் அப்படி இருந்தார். ஓர் ஆடி மாதத்து மத்தியானம், நான் பேசிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.