மைதா, வெண்ணெய், சர்க்கரை, வாடிக்கையாளர்

வீட்டில் பிஸ்கட் சுட்டு விற்கிறவர்களுக்கு அடுப்புச் சூடு பழகிவிடும். வாங்குகிறவர்களின் வாய்ச்சூடுதான் கடைசி வரை பழகாது.

உங்களில் யாராவது இட்லி மாவு, ஊறுகாய், ஜாக்கெட் தையல் என்று வீட்டிலிருந்தே பிழைக்கிறவர்களாக இருந்தால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முசிறியில் புருஷன் வீட்டிலிருந்து, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள் யாழினியைக் கூட்டிக்கொண்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியேறினேன். கையோடு கொண்டுவந்த சாமான்களில் உருப்படியானது ஒரு சின்ன ஓவன். நான் பழைய டீச்சர், ஆனால் பள்ளிக்கூட வேலை எதுவும் உடனே கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே பிஸ்கட் சுடக் கற்றிருந்தேன். சுட ஆரம்பித்தேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் குழைத்து, மைதாவைப் போட்டு, பிசையாமல் விரல் நுனியால் திரட்டினால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். கால் மணி நேரத்தில் வெந்துவிடும். எடுத்த சூட்டோடு தொடாமல் தட்டிலேயே ஆறவிட்டால், வாயில் போட்டதும் கரையும். தொழிலில் சுலபமான பகுதி இதோடு முடிந்தது.

ரகசியம்

தில்லைநகரில் ஒரு டாக்டர் வீட்டம்மா குழந்தையின் பிறந்தநாளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். சித்திரை வெயில். திரட்டுவதற்குள் வெண்ணெய் உருகி ஓடுகிறது. மாவை ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்து, வெட்டி, மறுபடியும் வைத்து, ஒரு முழு நாள் போராடிச் செய்துகொண்டு போனேன்.

ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்றை எடுத்தார். என்னதான் போடுகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். நானும் பெருமையாக மறைக்காமல் சொன்னேன். அவருடைய ஆசை முகம், ஏமாந்துபோனவரின் முகமாக மாறியதை நான் நின்று பார்த்தேன். டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "மூணே சாமான்தானா? இதுக்கா ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சோம்."

பாராட்டு

திருவானைக்காவலில் ஒரு டீச்சர் மாதாமாதம் வாங்குவார். குறையே சொன்னதில்லை. நிறையும் சொன்னதில்லை. நாமும் மனுஷர்கள்தானே, ஒரு நாள் நானே வாய்விட்டு, எப்படி மேடம் இருக்கு என்று கேட்டுவிட்டேன். யோசித்து, மனசாரச் சொன்னார்: "அருமையா இருக்குங்க. வீட்ல செஞ்சதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

பூர்வீகம்

கோமளா மாமி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். முட்டை சேர்க்கிறேனா, ஓவனில் வேறு ஏதாவது செய்வேனா என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டார். இல்லை என்று தெரிந்த பிறகு வாராவாரம் வாங்கினார். நாக்கில் வைத்தால் கரையறது என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லி, அந்த நாலு பேரையும் எனக்கு அனுப்பினார். யாழினி பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோது பேனா வாங்கிக் கொடுத்தார். அந்த ஊரில் எனக்குத் தைரியமாகக் கதவைத் தட்ட முடிந்த ஒரே வீடு அது.

ஒரு நாள் பேச்சுவாக்கில், அப்பாவுக்குப் பூர்வீகம் எது, அங்கே எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன். மாமி தலையை ஆட்டிக்கொண்டார். வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் ஆர்டர் வராது என்று நினைத்தேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்தது. மாமியைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டு, வெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே போட்டுச் செய்தேன்.

கொண்டுபோனபோது உள்ளே கூப்பிடவில்லை. டப்பாக்களை வெளியே செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு டப்பாவையாவது திறந்து பாருங்கள் மாமி, இன்றைக்கு நன்றாக வந்திருக்கிறது என்றேன். குரலில் அன்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை: "இதெல்லாம் வெளியில குடுக்கறதுக்கு அமுதா. ஆத்துல யாரும் வாயில போட்டுக்கறதில்லை, தப்பா எடுத்துக்காதே."

அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா

காட்டூரில் அண்ணன் வீடு கட்டினான். நான் முசிறியை விட்டு வந்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசாதவன், அவனே போன் செய்து, வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப உன் பிஸ்கட்தான் வேண்டும் என்றான். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஓவன் அணையவே இல்லை. யாழினி பரீட்சைக்குப் படித்துக்கொண்டே லேபிள் ஒட்டினாள். என் பேர் போட்ட லேபிள், முதல் தடவையாக அச்சடித்தது.

விசேஷத்தன்று வாசலில் தாம்பூலப் பையோடு பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பை கனமாக, பளபளவென்று இருந்தது. ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். என் டப்பா இல்லை. மலைக்கோட்டைப் பக்கத்து மொத்தக் கடையில் வாங்கின தங்க நிற அட்டைப்பெட்டி. உள்ளே என் பிஸ்கட். என் டப்பாக்கள் காலியாக மாடிப்படிக்கு அடியில் கிடந்தன.

அண்ணன் என் கண்ணைப் பார்க்காமல் பந்தலுக்குப் போய்விட்டான். அண்ணிதான் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொன்னார். முசிறியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களாம். கூடப் பிறந்தவளை பிஸ்கட் விற்க விட்டுவிட்டான் என்று அண்ணனைப் பேசுவார்களாம். கடைசியில் சொன்னார்: "உங்களை மறைக்கலை அமுதா. லேபிளைத்தான் மறைச்சோம்."

ஷார்ஜா

கசப்பையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒன்று வேறு மாதிரி. பெரிய கடைவீதியில் நான் மைதா வாங்குகிற கடை பாயின் மகன் இம்ரான் ஷார்ஜாவில் வேலை செய்கிறான். பெருநாளுக்கு அவனுக்கு அனுப்ப பாய் ஒரு பெரிய டின் நிறையச் செய்யச் சொன்னார். இந்த பிஸ்கட் பயணம் தாங்காது, கொஞ்சம் கெட்டியாகச் செய்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், எங்களுக்குத் தருகிற மாதிரியே இருக்கட்டும், அல்லாஹ் பார்த்துக்குவான் என்றுவிட்டார்.

அல்லாஹ் பார்த்துக்கொண்டாரோ என்னவோ, லக்கேஜ் ஏற்றுகிறவர்கள் பார்க்கவில்லை. டின்னைத் திறந்தால் மாவுதான் இருந்ததாம். நானே பயந்துகொண்டு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்தான்: "நல்லதாப் போச்சுக்கா. முழுசா வந்திருந்தா ரூம்ல சண்டை வந்திருக்கும், இப்ப ஆளுக்கு ஒரு கரண்டின்னு சமமாப் பிரிச்சோம்."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட்

தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஆர்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில், முசிறி பஸ் நிற்கிற இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று இருந்தது. முசிறி என்றதும் அந்த நம்பரை இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் தினமும் ஆயிரம் பேர் முசிறிக்குப் போகிறார்கள். போனேன். நின்றுகொண்டிருந்தது என் புருஷன்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கை நீட்டியதில்லை. குடித்ததில்லை. தினமும் சாப்பாட்டில் ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அவ்வளவுதான். நான் டீச்சராக இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஓவனை, கரண்ட் பில் ஏறும் என்று பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. கட்டிலுக்கு அடியில் அது இருந்தது, மேலே நாங்கள் இருந்தோம். ஒரு நாள் யாழினியும் அவரைப் போலவே ஒரு வாய் வைத்துவிட்டு என் முன்னால் தட்டைத் தள்ளினாள். அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டினேன்.

டப்பாவைக் கொடுத்தேன். அங்கேயே திறந்து ஒன்றைத் தின்றார். நிதானமாக இன்னொன்று. பஸ் ஹாரன் அடித்தது. மன்னிப்புக் கேட்பாரோ, வீட்டுக்கு வா என்பாரோ, எதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் அவசரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். படியில் ஏறி நின்று, வருத்தமாகவே சொன்னார்: "இப்படிச் செய்யத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அங்க இருந்தப்ப ஒரு நாள்கூட எனக்குச் செஞ்சு போடலையே நீ."

ஹாஸ்டல்

யாழினி கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்தாள். ரூமில் எல்லாரும் ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவருகிறார்கள், நீயும் அனுப்பு என்றாள். என் தொழிலில் என் வீட்டிலிருந்தே வந்த முதல் ஆர்டர். ஓரம் சிவந்ததை எல்லாம் தள்ளி, ஒரே நிறமாக, ஒரே அளவாகப் பொறுக்கி, பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போன் செய்தாள். எல்லாருக்கும் பிடித்திருந்ததாம், ஒரே நாளில் காலியாம். உனக்குப் பிடித்ததா என்று சும்மா கேட்டேன். இத்தனை வருஷமாக வீட்டில் அதைத்தானே தின்று வளர்ந்தாள், புதிதாக என்ன சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். குற்றம் சொல்கிற குரல் இல்லை; அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது: "நல்லா இருந்துச்சும்மா. உடையாத பிஸ்கட்டை நான் இப்பத்தான் சாப்பிடுறேன்."

இவ்வளவுக்குப் பிறகும் காலையில் யாராவது போன் செய்து, மேடம் பிஸ்கட் கிடைக்குமா என்று கேட்டால், யார் எவர் என்று விசாரிப்பதற்கு முன்னால் என் கை தானாகப் போய் வெண்ணெயை எடுத்து வெளியே வைத்துவிடுகிறது, புத்தி மட்டும் இன்னும் ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது.