இரண்டு தீவுக்கு நடுவில் ஓடும் தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முன், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று உக்கிரமாக வீசிய காலம். சாய்ந்தமருதிலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன என் தங்கச்சியின் கணவர் திரும்பி வரவில்லை. இயந்திரம் பழுது, படகு கிழக்கே இழுபடுகிறது என்று இன்னொரு படகுக்குச் சொன்னதுதான் கடைசிச் செய்தி.

மாதங்கள் போயின. உடல் இல்லாமலே நடத்தும் மரணத் தொழுகையான காயிப் ஜனாஸாவை வைத்துவிடலாமா என்று பள்ளிவாசலில் கேட்டார்கள். தங்கச்சி சம்மதிக்கவில்லை. கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையில் இருக்கிற ஒடுங்கிய நீரிணையை அக்காவான எனக்குக் காட்டுவாள்.

"காத்து அங்கதானே கொண்டு போகும் ராத்தா. ரெண்டு பக்கமும் கரை. ஆராவது கண்டிருப்பாங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அது என்ன நம்மட வயல் வாய்க்காலா, இங்க நிண்டு அங்க பாக்க? படத்தப் பாத்துப் பாத்துப் புள்ளையளப் பட்டினி போடாத" என்று ஏசினேன். அவள் காதில் விழவேயில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். அந்த வழியால் போனால் காட்டச் சொல்லி அவரிடம் கேட்டு வைத்திருக்கிறாள். ஒரு பகல் வீடியோவில் அழைத்தார். கப்பல் அந்த நீரிணைக்குள் வந்துவிட்டதாம். இருபுறமும் மங்கலாக மலைகள் தெரிந்தன. வரைபடத்தில் விரல் அகலமாக இருந்த இடம் அங்கே பெருங்கடலாகவே கிடந்தது.

தங்கச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

அவர் தயங்கினார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"வெளியால, நம்மட கடல் பக்கம்தான் ராத்தா. கூடுதலா அப்படித்தான். மிதந்து வாற சாமான் உள்ளுக்கு வாறது கஷ்டம்."

தங்கச்சி அழவில்லை. அவருக்கு ஸலாம் சொல்லி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"பள்ளிக்கு ஓம் எண்டு சொல்லுங்க. நான் இத்தா இருக்கப் போறன்" என்றாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் துக்க காலம் அது.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வர வேண்டும் என்று எத்தனை நாள் அவளோடு மல்லுக்கட்டினேன்! கேட்டதும் குசினிக்குள் ஓடிப்போய் வாய்விட்டு அழுதது நான்தான். அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே, அவளுடைய நம்பிக்கையில்தான் நானும் நாளைக் கடத்தியிருக்கிறேன். இப்போதெல்லாம் மௌத்து வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போனால், மனதைத் தேற்றிக்கொள் என்று நான் எவருக்கும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன்.