பாயின் கட்டைவிரலும் சொட்டு நீலமும்

என் முட்டாள்தனத்துக்கு ஒரு நிறம் உண்டு. நீலம். வெள்ளைத் துணிக்குப் போடுகிறோமே, அந்தச் சொட்டு நீலம். மற்றவர்களின் முட்டாள்தனம் நாளாக நாளாக மங்கிவிடும். என்னுடையது ஒரு சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. எந்த சோப்புக்கும் அது மசியவில்லை.

நான் செவிலியர். ஆண். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் திருத்தணியில் பாதிப் பேர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால் டாக்டருக்குக் கோபம் வரும். ‘சிஸ்டர்’ என்று கூப்பிட என் மீசை இடம் தராது. கடைசியில் ‘கட்டு கட்ற தம்பி’ என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றுவது என் வேலை. கே.ஜி.கண்டிகையிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் என் ஸ்கூட்டர் நுழையாத சந்து குறைவு.

கட்டு கட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்குச் சுமந்து போகாமல் இருப்பதுதான் வித்தை. அதற்கு முதல் எதிரி நம் ஊர் உபசாரம். வாசலில் காலை வைத்ததுமே கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்வார்கள். வாங்கி, வீட்டிலேயே மெத்தென்ற இடம் எது என்று பார்த்து, நோயாளியின் படுக்கை மேல் வைப்பார்கள். அடுத்த வீட்டில் அதே பை கைக்குழந்தைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அதனால் நான் பையை யாரிடமும் தருவதில்லை. பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல்தான் வைப்பேன்.

“பையில இன்னா தம்பி, தங்கமா வச்சிகினு கீற?” என்று கேட்பார்கள்.

“போன வீட்டுப் புண்ணுங்க” என்பேன். நீட்டிய கை தானாகத் திரும்பிவிடும்.

கை கழுவும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று வரிசை தவறாமல் கழுவுவேன். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பாடம் நடக்கும். திருத்தணி மலைக்குக் கீழே என் கையைவிடச் சுத்தமான கை கிடையாது என்று மனதார நம்பினேன்.

அப்படி நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் மெக்கானிக் பாயின் கால் என்னிடம் வந்தது.

அரக்கோணம் ரோட்டில் பைக் பட்டறை வைத்திருப்பவர். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர். வலது கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த காயத்தை அவர் கவனிக்காமல் விட்டார். அது அவரை நன்றாகவே கவனித்தது. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போனேன்.

வண்டியின் கோளாறை அவர் காதால் கேட்டுச் சொல்லுகிறவர் இல்லை. தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, வலது காலால் பிரேக்கை மிதித்து, பிறகுதான் வாயைத் திறப்பார். புண் முற்றி விரலை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“விரல் போச்சின்னா பிரேக்க யாரு மிதிப்பா? நீயா வந்து பின்னால குந்திகினு மிதிப்ப?”

“நான் மிதிச்சா வண்டி நிக்காது பாய், நீங்கதான் விழுவீங்க.”

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். நான் போகத் தொடங்கிய சில நாளில் அக்கா ஒரு தர்காவுக்குப் போய்வந்தார். நான் கட்டு மாற்றி முடித்ததும் ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து என் வலது மணிக்கட்டில் கட்டினார்.

“நோவு எனக்கு, கயிறு அவனுக்கா?” என்றார் பாய்.

“நீங்க சும்மா இருங்க. கட்டு கட்றது இவர் கையிதானே? இவர் கை நல்லா இருந்தாத்தான் உங்க காலு நல்லா இருக்கும்.”

அந்த மணிக்கட்டில் ஏற்கெனவே மலைமேல் கோயிலில் கட்டிக்கொண்டு வந்த சிவப்புக் கயிறு இருந்தது. இப்போது கூடவே தர்கா கயிறும். இவ்வளவு பந்தோபஸ்தோடு இந்தத் தாலுகாவில் வேறொரு செவிலியர் இருக்க முடியாது என்று பெருமையாக ஸ்கூட்டரை முடுக்கினேன்.

முதலில் நன்றாக ஆறிக்கொண்டு வந்த புண், பிறகு திரும்பிக்கொண்டது. கட்டைப் பிரித்தால் பச்சை கலந்த சீழ். ஒரு வாடை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், மாத்திரையை மாற்றினார். “அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் விரலை எடுத்துவிடலாம்” என்றார். ஆட்டோவில் திரும்பினோம். வழியில் முக்கிக்கொண்டு போன ஒரு பைக்கைக்கூடப் பாய் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உடனே நான் போலீஸ் ஆகிவிட்டேன். கட்டிலுக்கடியில் படுத்திருந்த பூனையை நாடு கடத்தினேன். தலையணை உறையை மாற்றச் சொன்னேன். எனக்கு முக்கியச் சந்தேகம் பாய் மேல்தான். நான் போனதும் இவர் பட்டறைக்குள் நுழைந்து கிரீஸ் கையோடு கட்டைத் தொடுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

“ஒரு ஸ்பேனரக்கூட தொடல தம்பி.”

“கட்டு மேல கறுப்பா ஒரு பொட்டு இருந்துச்சே?”

“அது கண்ணு மையி. திருஷ்டிக்கு இவதான் வச்சா.”

அக்கா சுவரைப் பார்த்தார்.

சரி, இவர்களுக்குக் கை கழுவத் தெரியவில்லை, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று புறப்பட்டேன். அக்காவின் அலமாரியிலிருந்து சொட்டு நீலத்தை வாங்கி, மூன்று பேர் கையிலும் ஊற்றித் தேய்த்தேன். பாயும் அக்காவும் உள்ளங்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் வாத்தியார் இல்லையா, தாராளமாக மணிக்கட்டு வரைக்கும் பூசிக்கொண்டேன்.

“இப்போ சோப்பு போட்டுக் கழுவுங்க. எங்க நீலம் மிச்சம் இருக்குதோ அங்க கிருமியும் மிச்சம் இருக்குதுன்னு அர்த்தம்.”

அக்கா கழுவிக்கொண்டு வந்தார். நகக்கண்ணில் லேசாக ஒரு கோடு, அவ்வளவுதான். பாய் கட்டிலில் உட்கார்ந்தபடியே வாளித் தண்ணீரில் கழுவினார். காலமெல்லாம் கிரீஸோடு மல்லுக்கட்டிய கை. சொட்டு நீலம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

“கழுவினா இப்படிக் கழுவணும்” என்று நானும் என் வரிசைப்படி கழுவினேன். பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். அப்பழுக்கில்லை. துடைத்தேன். கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்தேன். அந்தக் கையுறையைக் கழற்றி, மறுபடி கை கழுவிப் புதுக் கையுறை மாட்டி, புது வெள்ளைத் துணியைப் பிரித்துப் பாயின் காலுக்கு நேராகப் பிடித்தேன்.

துணி மேல் ஒரு நீலச் சொட்டு விழுந்தது.

மேலே பார்த்தேன். கூரையைத்தான். அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் மேல். இன்னொரு சொட்டு கையுறை மேல் வழிந்து நடுவிரல் நுனியில் நின்றது.

“தம்பி” என்றார் பாய், “மழ உன் கையிலேர்ந்து பேயுது.”

கையுறைக்கு மேலே, மணிக்கட்டில், மலைக்கயிறும் தர்கா கயிறும் நீலத்தில் ஊறி ஒன்றாகச் சொட்டிக்கொண்டிருந்தன. பதறிக் கையைப் பின்னுக்கு இழுத்ததில் வயிற்றுப் பக்கம் பட்டதுதான் அந்தக் கறை. ஒவ்வொரு வீட்டிலும் புண்ணைத் துடைத்தபோது அந்தக் கயிறுகள் கூடவே இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் நனைந்தன. ஒருநாளும் காயவில்லை. விரலிடுக்கு நகக்கண் என்று ஊருக்குப் பாடம் எடுத்தவன், நாலு வீட்டு ஈரத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அலைந்திருக்கிறேன். பூனையை நினைத்துக்கொண்டேன். பாவம், அதற்கு வக்கீல் இல்லை.

கயிற்றை எடுத்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். இந்த மாதிரிக் கயிறு தானாக அறுந்து விழ வேண்டும், யாரும் வெட்டுவதில்லை. அதிலும் ஒன்று, கட்டியவர் முன்னாலேயே, எந்தக் காலுக்காகக் கட்டினாரோ அந்தக் காலுக்கு எதிரிலேயே.  எப்போதும் முந்திக்கொண்டு வரும் வாய் இப்போது இழுத்து இழுத்துப் பேசியது.

“அக்கா... இது உங்க வேண்டுதல்...”

அக்கா உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கத்தரிக்கோலோடு வந்தார்.

“நான் வேண்டிகினது அவர் காலுக்கு தம்பி. உங்க கைக்கு இல்ல. நீட்டுங்க.”

வெட்டினார். பிறகு கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தார். “சிவப்பு உங்க சாமிது. அத நீங்களே வெட்டிக்கங்க.”

வெட்டினேன். மலையிலிருந்து எந்த எதிர்ப்பும் வரவில்லை. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவி, வேறு கையுறை, வேறு துணி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு கயிற்றையும் ஸ்கூட்டர் கண்ணாடிக் கம்பியில் சேர்த்துக் கட்டினேன். அங்கே நனைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அன்றைக்கே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கயிறுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, மாத்திரையும் மாறியிருக்கிறது என்றார். ஆனாலும் வீடு வீடாகப் போகும் எங்கள் குழுவில் எல்லோரும் கயிறு, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றினோம். முழங்கைக்குக் கீழே தோலைத் தவிர ஒன்றும் கிடையாது. இப்போது யாராவது அன்பாகக் கயிறு கட்ட வந்தால் கையை நீட்டுவதில்லை. சாவியை நீட்டுகிறேன், வண்டியில் கட்டச் சொல்லி. என் ஸ்கூட்டர் சப்பரம் மாதிரிதான் போகிறது.

பாயின் புண் மெல்ல மெல்லச் சிவந்து, அடியிலிருந்து நல்ல சதை ஏறியது. வாடை போனது. பூனை திரும்பி வந்தது. டாக்டர் விரலைத் தட்டிப் பார்த்து, “இது உங்களுதுதான், வச்சிக்கங்க” என்றார்.

போன வாரம் என் பழைய கியர் ஸ்கூட்டரின் கால் பிரேக் பிடிக்கவில்லை என்று பட்டறைக்குப் போனேன். பாய் அதைச் சரிசெய்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வலது காலால் பெடலை அழுத்தி, என் முன்னால் சரியாக நிறுத்தினார். நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வழக்கம்போலச் சத்தமாகப் பேசினேன்.

“விரல காப்பாத்திட்டோம் பாய்! குடுங்க கைய!” என்று கையை நீட்டினேன்.

கையெல்லாம் கிரீஸாக இருந்த பாய், என் கையைப் புரட்டி மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“கழுவினியா?”